கொல்லைப் பாத்தியும் கூலி நியாயமும்

(தோட்டக் கிளையின் மகளிர் பிரிவு நவம்பர் மாதத்தில் கூட்டிய கூட்டத்தில், கிளையின் உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை, குடிதண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையில், இன்று மிளகாய் நாற்றையும் கத்தரிச் செடியையும் பற்றிப் பேசும்படி மகளிர் பிரிவு என்னைப் பணித்திருக்கிறது. "சங்கத்துக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் சிலர் கேட்பது என் காதிலும் விழுகிறது. சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் வறட்சி மாதங்கள் உண்டு. கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து வெயில் ஏறும். அந்த வெயில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெர்லிஸில் உள்ள சூப்பிங் சாட்சி. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் அங்கே 40.1 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள்.

இந்த மாதங்களை ஒட்டித்தான் பால்மரம் இலை உதிர்க்கிறது. இலை உதிர்ந்து புதுத் தளிர் முற்றும் வரை பால் குறைவு. பால் குறைந்தால் என்ன குறையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செக்ரோல் எழுதும் கை இது. ஜனவரிப் பக்கத்தையும் மார்ச்சுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வீட்டில் எந்த மாதம் கடன் வாங்கியிருப்பார்கள் என்று பெயர் கேட்காமலே சொல்லிவிடலாம். காசு குறையும் அதே நேரத்தில் சந்தையில் காய்கறி விலை ஏறுகிறது. அடி ஒன்றல்ல, இரண்டு. இந்த இரண்டு அடிக்கும் நடுவில் நமக்கு ஒரு சிறு தடுப்பாக நிற்கக்கூடியது வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் துண்டு நிலம்.

இது தயவல்ல, நம் உரிமை

கொல்லையில் செடி போடுவதை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். துரைமார் மனமிரங்கிக் கொடுத்த சலுகை என்றும் நினைக்காதீர்கள். 1923ஆம் ஆண்டிலே, ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். பதினாறில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 2,722 சதுர அடி. எழுதியது எல்லாத் தோட்டங்களிலும் நடந்ததா? இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் எழுதிய சட்டமே, தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்ய நிலம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதை நாம் மறக்கக் கூடாது.

அந்தத் துண்டு நிலத்தின் அருமையை ஜப்பான் காலம் காட்டியது. 1942 முதல் 1945 வரை ரப்பருக்கு மதிப்பில்லை, அரிசிக்குப் பஞ்சம். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. லயத்தில் நின்ற தாய்மார்கள் மரவள்ளியை நட்டுத்தான் பிள்ளைகளின் உயிரைக் காத்தார்கள். இன்று மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் முகம் சுளிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பிறகு 1974ஆம் ஆண்டு. ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, பாலிங் வட்டாரத்து மக்கள் பசி பொறுக்காமல் திரண்டார்கள். அதே ஆண்டில்தான் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, கிடக்கும் நிலத்தில் எல்லாம் காய்கறி போடுங்கள் என்றது. நெருக்கடி வரும்போதெல்லாம் நாடு கொல்லைப் பாத்தியைத்தான் நினைக்கிறது. நெருக்கடி தீர்ந்ததும் மறந்து விடுகிறது. நாம் மறக்காமல் இருப்போம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "கொல்லையில் கீரை விளைகிறதே, முருங்கை காய்க்கிறதே, பிறகு ஏன் சம்பள உயர்வு?" என்று யாராவது கேட்டால் ஏமாந்து விடாதீர்கள். சம்பளம் நாம் காலையில் காட்டில் போட்ட உழைப்பின் விலை. கீரை நாம் மாலையில் கொல்லையில் போட்ட உழைப்பின் பலன். ஒன்றைக் காட்டி ஒன்றைக் குறைப்பதற்கு எந்த நியாயத்திலும் இடமில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 1,700 வெள்ளி என்று அரசாங்கம் ஆக்கியதே, அந்தக் கணக்கில் நம் வீட்டு வெண்டைக்காயை யாரும் சேர்க்கவில்லை. இனியும் சேர்க்க விடக்கூடாது.

வறட்சியில் பயிர் செய்யும் வழி

இனிச் செய்முறைக்கு வருகிறேன். 2,722 சதுர அடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பத்தடிக்கு இருபதடி, அதாவது 200 சதுர அடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கீரையும் மிளகாயும் கிடைக்கும்.

முதலாவது, காலம். வறட்சி வந்த பிறகு செடி வைப்பவன் தண்ணீர் சுமந்தே களைத்துப் போவான். மண்ணில் மழை ஈரம் இருக்கும்போதே செடி வேர் பிடித்துவிட வேண்டும். ஆகவே ஜனவரி முதல் வாரத்துக்குள் நாற்று மண்ணில் இறங்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பாத்தி. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க மேட்டுப் பாத்தி போடுகிறோம். வறட்சிக்கு அது ஆகாது. ஒரு சாண் ஆழம் தோண்டிப் பள்ளப் பாத்தியாகப் போடுங்கள். ஊற்றும் தண்ணீர் ஓடிப் போகாமல் வேரிலே நிற்கும்.

மூன்றாவது, மூடாக்கு. வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள். இலையுதிர் காலத்தில் நிரை நிரையாகப் பால்மரத்து இலை கொட்டிக் கிடக்கிறதே, அதைவிடவா வேறு சரக்கு வேண்டும்? அள்ளி வந்து செடியடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். லாலான் புல்லையும் போடலாம். ஆனால் பூப்பதற்கு முன் வெட்டி, வேர் இல்லாமல் நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். வேரோடு போட்டால் பாத்தி லாலான் காடாகிவிடும்.

நான்காவது, தண்ணீர். உச்சி வெயிலில் ஊற்றுவது வீண். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் எதையும் சாக்கடையில் விடாதீர்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம், அடியில் ஊற்றுங்கள். புதிதாக நட்ட நாற்றுக்கு முதல் ஒரு வாரம் தென்னங்கீற்று நிழல் கொடுங்கள்.

எதை விதைப்பது, எதை நாற்றாக வாங்குவது என்று தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். கீரை, காங்கோங், வெண்டை, பயற்றங்காய் இவற்றை நேரே விதைக்கலாம். கீரையும் காங்கோங்கும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுப்புக்கு வரும். வெண்டையும் பயற்றங்காயும் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் காய்க்கும். முருங்கைக்கு மூன்று நான்கடிக் கொம்பு ஒன்று போதும், அக்கம்பக்கத்தில் கேட்டால் கொடுப்பார்கள். மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை இவற்றை நாற்றாக வாங்குவதே நல்லது. மிளகாய் நாற்று நடும் பருவத்துக்கு வர நான்கைந்து வாரம் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடுகிற நமக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் ஏது?

செய்யக் கூடாதவை

மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

களைக்கொல்லி வந்த தகரத்தையும் டின்னையும் எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கழுவிவிட்டோம் என்று சொல்லித் தண்ணீர் பிடிப்பதும், செடி வைப்பதும் நஞ்சை நாமே சோற்றுக்கு அழைப்பதாகும். பால் உறைய வைக்கும் அமில டின்னுக்கும் இதே விதிதான். மருந்தடிக்கும் வேலையில் எத்தனை பேர் நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வடிந்து நின்றார்கள் என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை வந்துவிட்டது. எங்காவது மூலையில் பழைய டின் கிடந்தால் தொடாதீர்கள், கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். மருந்தடித்த காட்டோரத்துக் கீரையைப் பறிக்கவும் வேண்டாம்.

அடுத்து, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைக்காதீர்கள். டிங்கிக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. உடைந்த பால் மங்கில் தேங்கும் ஒரு கரண்டித் தண்ணீரும் அதற்குப் போதும். செடியைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது, மரவள்ளியைப் பால்மர நிரைக்குள் நடாதீர்கள். பால்மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர் நோய் மரவள்ளியிலும் பற்றும். அங்கிருந்து மரத்துக்குப் போகும். பிறகு அதையே சாக்காகச் சொல்லி எல்லாருடைய பாத்தியையும் எடுத்துவிடுவார்கள். நம் பயிர் நம் எல்லைக்குள் இருக்கட்டும்.

நாற்று விற்பவரும் தொழிலாளியே

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாற்று வாங்க வேண்டும் என்றேன். யாரிடம் வாங்குவது?

தோட்டங்களைச் சுற்றிப் பாருங்கள். முப்பது, நாற்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்து, வேலைக்காலம் முடிந்து, வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாசலில் நான்கு பலகையைப் போட்டு நாற்று வளர்ப்பவர்களைக் காண்பீர்கள். ஒரு காலத்தில் தோட்டத்து நர்சரியில் பால்மரக் கன்றுக்கு ஒட்டுக்கட்டிய கைகள் அவை. அந்தக் கைகள் இன்று மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றுகின்றன. பக்கத்துக் கம்பத்தில் மலாய் மாதர்கள் வளர்க்கிறார்கள். புதுக்கிராமத்துச் சீனர்கள் வளர்க்கிறார்கள். உள்ளூர்க்காரர் என்றால் நம் இனத்தவர் மட்டும் என்று நான் பொருள் கொள்ளவில்லை. பக்கத்தில் உழைப்பவர் யாராயினும் நம்மவரே.

அவர்களிடம் வாங்குவதால் நமக்கு என்ன லாபம்? அந்த நாற்று நம் வெயிலிலும் நம் மண்ணிலும் வளர்ந்தது. ஆகவே நட்ட இடத்தில் சீக்கிரம் வேர் பிடிக்கும். செடிக்குச் சீக்கு வந்தால் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டி "இது என்னங்க பாட்டி?" என்று கேட்கலாம். கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பார்த்துக் கேட்க முடியுமா? பொட்டலத்து விதையில் பல கலப்பின விதைகள். அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடியைப் போல் வராது. நம் பாட்டிமார் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கும் நாட்டு விதை ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வரும்.

இன்னும் ஒன்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சில நாளிலேயே கேமரன் மலையில் காய்கறி போட்டவர்கள், சந்தைக்கு அனுப்ப வழியில்லாமல் விளைச்சலைக் கொட்ட நேர்ந்தது. விளைவித்தவரிடம் மலையாய்க் குவிந்த காய்கறி, வேண்டியவரிடம் வந்து சேரவில்லை. தூரத்தை மட்டுமே நம்பியிருந்தால் இதுதான் கதி. பக்கத்தில் நாற்று வளர்ப்பவரும் காய் விற்பவரும் பிழைத்துக் கிடந்தால்தான் அப்படிப்பட்ட நாளில் நமக்குத் துணை இருக்கும்.

அவர்கள் பிழைக்க நாம் விடுகிறோமா? அங்கேதான் நம் மனச்சாட்சியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"என்னக்கா, ஒரு செடி ஒரு வெள்ளியா? மூணு செடி ரெண்டு வெள்ளின்னு போடுங்க. நம்ம ஆளுதானே!" என்கிறோம். பேரங்காடியில் விலைச்சீட்டு ஒட்டிய பொருளிடம் இப்படிப் பேரம் பேசுவதில்லை. வாசலில் குந்தியிருக்கும் அக்காவிடம்தான் நம் வீரம். சிலர் "சம்பளத்தன்று தருகிறேன்" என்று எடுத்துப்போய், சம்பளத்தன்று அந்தப் பக்கமே போவதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கிராணி கணக்கு. எடுத்துக்காட்டுக்காகத்தான். ஓர் அக்காள் 100 மிளகாய் நாற்றுப் போடுகிறார். 20 செத்துப் போகிறது. மீதி 80. அதில் 50 விற்கிறது, 30 விற்காமல் பையிலேயே முற்றிப் போகிறது. நாற்று ஒரு வெள்ளி வீதம் கைக்கு வந்தது 50 வெள்ளி. பை, மண், எரு, விதை எல்லாம் 20 வெள்ளி. மிச்சம் 30 வெள்ளி. இதற்கு அவர் 35 நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நாளுக்கு ஒரு வெள்ளிகூட இல்லை! அதிலும் மூன்று செடி இரண்டு வெள்ளி என்று நாம் அடித்தால் வரவு 33 வெள்ளி, மிச்சம் 13 வெள்ளி. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அந்த உழக்கையும் தட்டிப் பறிப்பது யார்? கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கும் நாம்தானே!

சகோதரர்களே, முதலாளி நம் உழைப்பை மலிவாகக் கேட்டால் அநியாயம் என்கிறோம். நாம் இன்னொருவர் உழைப்பை மலிவாகக் கேட்டால் அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனமா? உழைப்புக்கு நியாய விலை என்பது நமக்கு ஒரு நாக்கும் பிறருக்கு ஒரு நாக்குமாகப் பேசும் கொள்கை அல்ல.

கிளை செய்ய வேண்டியது

குறை சொல்லி உட்கார்ந்துவிடுவது சங்கத்தின் வேலையல்ல. ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. இந்த மாதக் கடைசிக்குள் மகளிர் பிரிவு வீடுவீடாகப் போய், யாருக்கு எந்த நாற்று எத்தனை வேண்டும் என்று பட்டியல் எடுக்கட்டும். அதை நாற்று வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே கொடுப்போம். அவர்கள் டிசம்பர் முதல் வாரத்துக்குள் விதை போட்டால் ஜனவரித் தொடக்கத்தில் நாற்று நம் கைக்கு வரும். முன்சொன்ன கணக்கில் 80 நாற்றும் விற்றுப்போனால் அந்த அக்காளுக்கு மிச்சம் 30 அல்ல, 60 வெள்ளி. நமக்கு விலை ஒரு காசு ஏறவில்லை, அவருக்கு வருமானம் இரட்டிப்பு. ஒன்றுகூடி வாங்குவதன் பலன் இதுதான்.

இரண்டு. விலையை அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒரே விலையாக வைப்போம். பாதிப் பணம் பட்டியலோடு, மீதி நாற்றுக் கிடைத்த அன்றே. கடன் என்ற பேச்சே வேண்டாம். கணக்கை நான் எழுதித் தருகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூன்று. எந்த வீட்டுக்கு எந்தப் பாத்தி, அதில் என்ன பயிர் என்று ஒரு பதிவேடு வைப்போம். அதன் ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் பெறுவோம். இன்று பால்மரத்தை அழித்துச் செம்பனை போடுகிறார்கள். நாளை நிலத்தையே விற்று வீடமைப்புக்குக் கொடுக்கிறார்கள். வாய்ச்சொல்லில் நிற்கும் பாத்தி, கணக்குப் பேசும் நாளில் யார் கண்ணுக்கும் தெரியாது. எழுத்தில் நிற்கும் பாத்தியைப் பற்றிச் சங்கம் கேள்வி கேட்க முடியும்.

நான்கு. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசச் சகோதரர்களையும் பட்டியலில் சேர்ப்போம். அவர்களும் இலையுதிர் மாதத்தில் கை சுருங்குகிறவர்கள்தான். பாத்தி கேட்டால் பாத்தி, நாற்றுக் கேட்டால் நாற்று.

"நாலு செடிக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று சிரிக்க வேண்டாம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளரைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தையே வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். அன்றும் சிரித்தவர்கள் உண்டு. பால் வெட்டியவர்கள் அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்களை வாங்கிக் காட்டினார்கள். தோட்டத்தையே வாங்கிய இனத்துக்கு நாற்றுப் பட்டியல் எழுதுவது பெரிய காரியமா?

தாய்மார்களே! இந்த வேலையின் பெரும் பங்கு உங்கள் கையில் இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆகவே ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. காட்டில் மரம் வெட்டிவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, பிறகு பாத்திக்கும் தண்ணீர் சுமப்பது ஒருத்தியின் தலையெழுத்தல்ல. மாலையில் நாற்சந்தியில் நிற்கும் நேரத்தில் இரண்டு வாளி தூக்கினால் தோள் தேய்ந்து போகாது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நட்டு அவர்கள் பறித்த வெண்டைக்காயை அவர்கள் தட்டிலே ஒதுக்க மாட்டார்கள்.

நாம் கேட்பது நியாயமான கூலி. நாம் கொடுக்க வேண்டியதும் நியாயமான கூலி. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யும் சங்கத்தை எவரும் அசைக்க முடியாது. பட்டியல் தாள் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் பெயரும் நாற்றின் எண்ணிக்கையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!